எட்டுக் குதிரைகள் ஓடிய சனிக்கிழமை

எனக்குக் குதிரை என்றால் பயம். இருபத்திரண்டு வருடம் பந்தயத் திடலில் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் எங்கள் தீவில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் என் வேலைக்குக் குதிரையைத் தொட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நான் பந்தயச் செயலாளர். எந்தக் குதிரை எந்தப் பந்தயத்தில் ஓடும், யாருக்கு உள்ஓரம், யாருக்கு வெளிஓரம் என்று பட்டியல் போடுவதுதான் என் பொறுப்பு. மேசை, நாற்காலி, ஒரு தொலைபேசி, திடலைப் பார்த்த ஜன்னல். போதும்.

நல்ல பந்தயம் என்றால் எட்டுக் குதிரைகள் வேண்டும். எட்டும் கிட்டத்தட்ட ஒரே தரமாக இருக்க வேண்டும். கடைசி வளைவில் எந்தக் குதிரை இழுக்கும் ரேக்ளா வண்டி முந்தும் என்று தெரியாமல் ஜனம் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்துச் சேர்ப்பது ஒரு கைப்பக்குவம். எனக்கு அது இருந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமைப்பட இனி என்னிடம் எதுவும் இல்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பந்தயத்துக்குப் பதினோரு பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்று பேரைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு அது எட்டானது, ஏழானது, ஐந்தில் வந்து நின்றது. வயதான பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் லாயத்தைக் காலி செய்து டிராக்டர் நிறுத்தினார்கள். நல்ல குட்டிகளை, பெரிய திடல்கள் இருக்கிற ஒன்டாரியோவிலிருந்து ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய குதிரைகள், பால் கறக்கப் போகும் மாடுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, அதே வரிசையில் வந்து முடித்தன. கிளம்பும்போதே முடிவு தெரிந்த ஓட்டத்தைப் பார்க்க எவன் வருவான்?

இவ்வளவு காரணமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரே ஒரு குதிரையின் மேல் பழியைப் போட்டேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

அவள் பெயர் டல்ஸி. செம்பழுப்பு நிறம், ஆறு வயது. ஹெக்டர் ஷெவரியின் லாயத்தில் பிறந்தவள். ஹெக்டரும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் முப்பது வருடம் இறால் படகு ஓட்டிவிட்டு, முழங்கால் போன பிறகு ரேக்ளாவில் ஏறியவன். குதிரையைப் பழக்குவது அவன் மகள் நோரீன், ஓட்டுவது அவன். மனைவி இறந்த பிறகு அப்பாவும் மகளும் அந்தக் குதிரையுமாகத்தான் அந்த வீடு நடந்தது.

டல்ஸி தொடர்ந்து பத்தொன்பது பந்தயம் ஜெயித்தாள். ஜெயித்தது பெரிதில்லை, ஜெயித்த விதம்தான். முதல் வளைவிலேயே முன்னால் போய்விடுவாள். மற்றவர்கள் பின்னால் தூசி தின்றுகொண்டு வருவார்கள். முதலில் ஜனம் கை தட்டியது. பிறகு பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே உருளைக்கிழங்கு வறுவல் வாங்க வரிசையில் போய் நின்றது.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். இடம் குலுக்கும்போது, சுற்றி ஓட வேண்டிய தூரம் கூடுதலான வெளிஓரம் அவளுக்கே விழும்படி ஆறு வாரம் சீட்டை மாற்றிப் போட்டேன். இது நான் செய்த முதல் தவறு. அதனால் பலனும் இல்லை. வெளிஓரத்திலிருந்தும் அவள் ஜெயித்தாள்.

மற்றவர்கள் பெயர் கொடுப்பதையே நிறுத்தினார்கள். வில்ஃபிரட் ராம்சே என்று ஒரு பெரியவர்; நாலு குதிரை வைத்திருந்தார். அவரிடம் போய்க் கெஞ்சினேன்.

"அந்தப் பொட்டக்குதிர ஓடுறவரைக்கும் எம்பேர எழுதாத ஆம்புரோஸ்," என்றார் அவர். "அவ வாலப் பாத்துக்கிட்டு ஒரு மைல் போறதுக்கு, வீட்ல உக்காந்து எம்பொண்டாட்டி முதுகப் பாத்துக்கிட்டிருப்பேன். அவளாச்சும் எப்பவாவது திரும்பிப் பாப்பா."

பிறகு ஹெக்டரிடம் போனேன். டல்ஸியை ஒன்டாரியோவுக்கு அனுப்பு, அங்கே அவளுக்குச் சரிசமமான குதிரைகள் இருக்கின்றன, அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று நியாயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவன் அவள் குளம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். கோபப்படவில்லை.

"நல்லா ஓடுறது ஒரு குத்தமாடா?" என்றான். "மத்தவன் குதிரைய வேகமா ஓடச் சொல்லு. அத விட்டுட்டு எங்கிட்ட வந்து நிக்கிற." பிறகு சிரித்தான். "நீ ஒரு நாளாச்சும் ஒரு குதிரைக்குத் தீனி குடுத்திருக்கியா? கதவுக்கு அந்தப்பக்கமே நின்னுக்கிட்டு அனுப்பு அனுப்புங்கிற. கிட்ட வந்து பாரு. அப்புறம் உனக்கும் மனசு வராது."

நான் கிட்டப் போகவில்லை.

ஜூலை கடைசியில் பந்தய ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பந்தயத்துக்குச் சராசரி ஆறு குதிரைகூடத் தேறாத திடல்களுக்கு அடுத்த வருடம் பந்தய நாள் ஒதுக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று மரியாதையான பாஷையில் எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருவிழா. அன்று பார்க்க ஆள் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். டல்ஸியின் முன்னங்கால் நரம்பு வீங்கியிருக்கிறது, ஹெக்டர் மறைத்து வைத்திருக்கிறான், திருவிழாவன்று அவள் பழைய டல்ஸியாக இருக்க மாட்டாள் என்று மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரிடம் சொன்னால் எங்கள் ஊரில் முப்பது பேரிடம் சொன்னதாகக் கணக்கு. வியாழக்கிழமை பெயர் கொடுக்கும் நேரம் முடிந்தபோது, ஏழாவது பந்தயத்துக்கு டல்ஸியோடு சேர்த்து எட்டுக் குதிரைகள். எட்டும் நல்ல குதிரைகள். வில்ஃபிரட் தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைக் கொடுத்திருந்தார். எத்தனையோ வருடம் கழித்து அப்படி ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சந்தோஷத்தில்தான்.

அன்று சீட்டில் நான் கை வைக்கவில்லை. ஒழுங்காகக் குலுக்கினேன். உள்ஓரம், ஒன்றாம் இடம், டல்ஸிக்கு விழுந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவள் காலில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை அவள் வழக்கம்போல ஓடி ஜெயித்தால், நான் சொன்னது பொய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒருவனும் என் பேச்சை நம்பிக் குதிரை கொண்டுவர மாட்டான். சொன்ன வார்த்தையை உண்மையாக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது ஒழுங்கான யோசனையாகத்தான் பட்டது.

திடலின் குதிரை மருத்துவர் அலமாரிக்கு ஒரு சாவி அலுவலகத்திலும் உண்டு. லாடம் அடிக்கும்போது மிரளும் குதிரைக்குக் கொடுக்கிற பசை மருந்து அதில் இருந்தது. கொஞ்சம் சோம்பலாக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்துக் குழாயின் மேலேயே எச்சரிக்கை அச்சடித்திருந்தது. குதிரையின் கால் தள்ளாடும், ஓட விடக்கூடாது என்று அதில் இருந்தது. படித்தேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை இருக்கும். நோரீன் சாப்பிடப் போயிருந்தாள். ஹெக்டர் வேலியோரம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். ஒரு ஆப்பிளைக் குடைந்து மருந்தை உள்ளே வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடித்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே கையை நீட்டினேன். டல்ஸி முதலில் என் சட்டையை முகர்ந்தாள். பிறகு உதட்டால் மெல்ல ஒற்றி எடுத்தாள். உள்ளங்கையில் வெல்வெட்டுத் துணி பட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று இருக்கிறதா என்று கையைத் துழாவினாள்.

மூன்று மணிக்கு நோரீன் அலுவலகத்துக்கு வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, டல்ஸி சரியில்ல. கண்ணு சொருகுது, கீழுதடு தொங்குது. இன்னைக்கி அவ பேர எடுத்துடுங்க."

மருத்துவர் பார்த்தாரா என்று கேட்டேன். அவர் வேறொரு குதிரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், வர நேரமாகும் என்றாள்.

"வெயிலு ஜாஸ்தியில்லையா, அதான் சோர்ந்திருக்கு," என்றேன். "கடைசி நேரத்துல பேர எடுத்தா ஒரு மாசம் ஓட விட மாட்டாங்கம்மா. அப்பா என்ன சொல்றாரு?"

"ஆம்புரோஸ் என்ன சொல்றானோ அப்படியே செய்வோம்ன்னாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சுகள் நிறைந்து, வேலியோரம் மூன்று வரிசை ஆள் நின்றது. பார்வையிட வந்தவர் கையில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். டல்ஸியை எடுத்தால் ஏழு. ஏழும் மோசமில்லை. கடிதத்தில் கேட்ட கணக்குக்கு ஏழு போதும். ஆனால் நான் தட்டச்சு செய்திருந்தது எட்டு.

"ஓடட்டும்," என்றேன்.

முதல் சுற்று எப்படி ஓடினார்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். பத்து வருடத்தில் அப்படி ஒரு ஓட்டம் இல்லை. இரண்டிரண்டாக, சக்கரத்தோடு சக்கரம் உரசாத குறையாக எட்டும் ஒரே கொத்தாக வந்தன. டல்ஸி முன்னால்தான் இருந்தாள், ஆனால் முந்திப் போகவில்லை. வில்ஃபிரட்டின் குதிரை அவள் தோள்வரை வந்துவிட்டது. ஜனம் எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன்.

மூன்றாவது வளைவில் டல்ஸியின் முன்னங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. அவள் மூக்கு மண்ணில் இடிப்பதைப் பார்த்தேன். ஹெக்டர் ரேக்ளாவிலிருந்து அவள் தலைக்கு மேலாகப் போய் விழுந்தான். உள்ஓரத்தில் முன்னால் இருந்தவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. நான்கு வண்டிகள் அவன் மேல் ஏறின. வில்ஃபிரட்டுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஹெக்டருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே உயிர் இல்லை. டல்ஸி மூன்று காலில் எழுந்து, ஓட்டினவன் வரட்டும் என்பது போல அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நோரீன் அப்பாவிடம் போவதா குதிரையிடம் போவதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள். டல்ஸியைத் துணி மறைப்புக்குப் பின்னால் வைத்து ஊசி போட்டு முடித்தார்கள்.

குதிரையின் இரத்தத்தில் மருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. குதிரைக்குள் என்ன இருந்தாலும் பழக்குகிறவர்தான் பொறுப்பு, அது விதி. ஆணையத்தின் விசாரணையில் நோரீன் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேரை எடுக்கச் சொல்லி மாமாவிடம் போய்க் கேட்டேன் என்றாள். என்னைக் கேட்டார்கள். அப்படி எதுவும் கேட்கவில்லை, அப்பாவுக்குத் தண்ணீர் வாங்கத்தான் வந்தாள் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒருவேளை தனக்குத்தான் நினைவு தப்பிவிட்டதோ என்று சந்தேகப்படுகிற பார்வை அது. அவள் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு முடக்கினார்கள்.

ஊர் அவளிடம் பேசுவதை நிறுத்தியது. அப்பனைக் கொன்றவள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவள் உருளைக்கிழங்கு மூட்டை கட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குவதை விட்டேன். முதுகுவலி, முட்டி போட முடியவில்லை என்று பாதிரியாரிடம் சொல்லிவைத்தேன். அவளைப் பார்த்துவிடக்கூடாது என்று கடைக்குப் போகும் நேரத்தையும் மாற்றினேன்.

இந்த மார்ச்சில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மனு போடப் போகிறாளாம். நன்னடத்தைக் கடிதம் ஒன்று வேண்டும் என்றாள். "அப்பாவோட பழகினவங்க வேற யாரும் எங்கூடப் பேசறதில்ல மாமா," என்றாள். விசாரணையில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம். நேர்மையான பெண், ஒரு தடவை புத்தி தவறிவிட்டாள், மன்னித்துவிடலாம் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இன்று ஏன் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோரீனுக்காகப் போகிறேன், அந்தப் பெண்ணின் பெயரை மீட்டுக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவள் அழுதாள், இப்போதாவது மனசு வந்ததே என்றாள். இங்கே வரும் வழியெல்லாம் நானும் அதை நம்பிக்கொண்டுதான் வந்தேன்.

ஆனால் போன திங்கட்கிழமை எங்கள் திடலை மூடிவிட்டார்கள். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு மூன்று குதிரைக்கு மேல் எந்தப் பந்தயத்துக்கும் வரவில்லை. மைதானத்தை விற்கப் போகிறார்களாம். எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தது நான். பேரை எடுக்க மறுத்தது நான். அடுத்த கோடையில் ஒரே ஒரு பந்தய நாள் கொடுத்திருந்தால்கூட நான் இந்த அறைக்கு வந்திருக்க மாட்டேன்.