நைனா ரூமுக்கு ஃபேன்

"மலையைக் கும்பிட்டா கை போயிடும்டா."

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் அக்காவும் தம்பியும். அவன் மடியில் புது சீலிங் ஃபேன் பெட்டி.

"ரூமு மேத்தளம் தாழ்வா இருக்குது. சின்ன ராடு போட்டாலும் றெக்கை கைக்கு எட்டும். நைனா காலையில எழுந்ததும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, மலை மேல இருக்குற அம்மனைக் கும்பிடுவாரு இல்ல?"

"அதெல்லாம் முன்னக்கா. வாதம் வந்து ஆறு மாசமா படுத்தே கெடக்குறாரு. எங்க தூக்குறாரு?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாளைக்கி எழுந்து தூக்குனா?"

அவன் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரிக்கா. கடையில குடுத்து செவுத்துல மாட்டுறதா மாத்திக்கலாம்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். சாலையைக் கடந்து, செஞ்சிக்குப் போகும் பேருந்தை நிறுத்த அவன் கையை உயரத் தூக்கினான்.