எபெனேசர் படகுல பதினாலு மாசம்

ஆமாம்மா, அந்த நோட்டீஸ்ல இருக்கறது நான்தான். இன்னாடா இது, என் மூஞ்சியயும் போட்டோவயும் மாத்தி மாத்திப் பாக்குதே இந்தப் பொண்ணுன்னு நெனச்சேன். பக்கத்துல கண்ணாடி போட்டுட்டு நிக்கறாரே, அவரு என் வீட்டுக்காரரு, கிருபானந்தம். இன்னிக்கு சாயந்திரம் பேரணாம்பட்டுல கூட்டம். கடல்ல விழுந்து பொழச்சத சாட்சி சொல்லப் போறாரு. இதோட பதினோராவது சபை. நீ எங்க எறங்கணும்? பேரணாம்பட்டேவா? செரி, நல்லா தள்ளி ஒக்காரு, பைய நான் மடியில வெச்சுக்கறேன். கழுத்துல டேக் இருக்கே, ஷூ கம்பெனியா? ஸ்டிச்சிங்கா? நின்னுட்டே வேலையா, ஒக்காந்தா? ஒக்காந்துன்னா பரவால்ல.

அவரு காலையிலயே பாஸ்டர் கார்ல போய்ட்டாரு. என்னையும் ஏறச் சொன்னாரு. பிரஷர் பாக்கணும், பாத்துட்டு பஸ்ல வர்றேன்னுட்டேன். பிரஷரும் இல்ல ஒண்ணும் இல்ல. வேலூர்ல இருபத்தெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ, என் பிரஷர் எனக்குத் தெரியாதா. ஆம்பூர்லேருந்து பேரணாம்பட்டு வரைக்கும் ஒண்டியா வரலாமேன்னுதான்.

படகா? படகுன்னா மீன் புடிக்கற படகு இல்ல. பாய் கட்டி காத்துல போறது. சொந்தமா வாங்கினாரு. நீ சிரிக்கற. ஊரே சிரிச்சுது. அவரு இங்க தோல் கம்பெனில டெக்னிகல் மேனேஜர். ஒரு தடவ இத்தாலிக்கு அனுப்பினாங்க. அங்க தோல் வாங்கற ஆளு ஒருத்தன் ஞாயித்துக்கெழம மத்தியானம் அவன் படகுல கூட்டிட்டுப் போயிருக்கான். மூணே மணி நேரம். அந்த மூணு மணி நேரத்த பதினெட்டு வருஷம் மனசுல வெச்சிருந்தாரு மனுஷன். ரிட்டயர் ஆனாரு, எங்க பொண்ணு நிஷாவுக்குக் கல்யாணம் முடிஞ்சுது, கோவாவுக்குப் போய் ரெண்டு வாரம் கிளாஸ் படிச்சாரு. கொச்சியில ஒரு வெள்ளக்காரக் கெழவரு ஒடம்பு முடியாம படக வித்துட்டு ஊருக்குப் போறாருன்னு கேள்விப்பட்டு, போய் வாங்கிட்டாரு. எபெனேசர்னு பேரு வெச்சாரு. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்துது. வார்டு இன்சார்ஜ். எழுதிக் குடுத்துட்டு வந்துடு பெர்சிஸ், நாம ஒலகம் பாக்கலாம்னாரு. எழுதிக் குடுத்துட்டேன்.

இல்லம்மா, மாட்டேன்னு சொல்லல. எனக்கும் ஆசைதான். போட்டோவெல்லாம் காட்டினாரு இல்ல. நீலத் தண்ணி, வெள்ளப் பாயி, ஒரு பொம்பள காலத் தொங்கப் போட்டுட்டு புஸ்தகம் படிக்கறா. அந்தப் பொம்பள எப்ப சமைக்கறா, எங்க துணி காயப் போடறான்னு நான் கேட்டிருக்கணும்.

இந்த பஸ்ஸு இருக்கே, இத விட கொஞ்சம் குட்ட அது. அதுவும் நடுவுலதான் இந்த அகலம், ரெண்டு பக்கமும் ஒடுங்கிடும். அதுக்குள்ளதான் அடுப்பு, படுக்க, எஞ்சினு, கக்கூஸு எல்லாம். கக்கூஸ் போனா கைப்பம்ப இருவது தடவ அடிக்கணும். அடைச்சுக்கிச்சுன்னா பிரிச்சுக் கழுவணும். யாரு கழுவுவா? நர்ஸுக்கு இன்னா அருவருப்புன்னாரு. குளிக்கறது உப்புத் தண்ணியில, கடைசியா ஒரு மக்கு நல்ல தண்ணி. தலைமயிரு தேங்கா நாராட்டம் ஆயிடுச்சு. துணியெல்லாம் ஈரம். அவரோட நல்ல ஷூ ரெண்டு ஜோடி கொண்டாந்தாரு, ஒரே மாசத்துல பச்ச பச்சயா பூஞ்சக் காளான். தோல்ல பூஞ்ச புடிக்காம பாக்கறதுதான் வாழ்நாள் பூரா அவரு பாத்த வேலயே.

ஊர் ஊரா பாக்கலாம்னாரு. ஊர் ஊரா ரிப்பேரு பாத்தோம். மங்களூர்ல தண்ணி பம்பு. கார்வார்ல எஞ்சினு. கோவாவுல பாய் கிழிஞ்சு இருவத்திரெண்டு நாளு. எறங்கினா துறைமுகத்து ஆபீஸ், கஸ்டம்ஸு, சாமான் கட. ஒரு ஊருலயும் கோயிலும் பாக்கல, பீச்சும் பாக்கல. நான் மேல ஒக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன், அவரு எஞ்சின் பொந்துக்குள்ள தலய விட்டுட்டு கத்துவாரு.

ஆங், கத்துவாரு. அதான் எனக்குப் புதுசு. அடிச்சதில்லம்மா, குடிக்க மாட்டாரு, அப்படியெல்லாம் தப்பா நெனச்சுக்காத. முப்பது வருஷம் வீட்ல அதிர்ந்து பேசாத ஆளு. படகுல ஏறின அன்னிக்கே, இங்க நான் கேப்டன், கேப்டன் சொன்னா திருப்பிக் கேள்வி கேக்கக் கூடாது, உசுரு சமாச்சாரம்னாரு. காத்துல கத்தாம பேசினா கேக்காதும்பாரு. செரின்னு விட்டேன். அப்புறம் காத்தே இல்லாத துறைமுகத்துல கட்டி நிக்கறப்பவும் கத்தினாரு. உப்பு எங்க வெச்சேன்னு கத்துவாரு. இந்தக் கயிறுன்னா அந்தக் கயித்தப் புடிப்பேன், எல்லார் முன்னாடியும் மானம் போவும்.

வீட்ல சண்டைன்னா நீ இன்னா பண்ணுவ? கதவ சாத்திட்டு எதுத்த வீட்டுக்குப் போவ. கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கிட்டு வருவ. கோவம் தணிஞ்சுடும். அங்க எங்க போவ? ஏழடி நடந்தா தண்ணி. திரும்பி ஏழடி நடந்தா அவரு.

நிஷாவுக்கு போன் பண்ணி அழுதேன். அப்பா காலம் பூரா கெமிக்கல் நாத்தத்துலயே கெடந்தாரும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னா. நம்ம சபைல இருக்கறவங்க எல்லாம் அவரு போன்ல போடற படகு போட்டோவுக்குக் கீழ எழுதுவாங்க, குடுத்து வெச்சவங்க சிஸ்டர் நீங்கன்னு.

ஒரு நிமிஷம்மா, போன் அடிக்குது. ஆங், ஏறிட்டேங்க. ஒக்காந்துட்டுதான் வர்றேன். சாப்ட்டேன். பக்கத்துலயா, ஒரு பொண்ணு. இல்லங்க, மயக்கமெல்லாம் இல்ல. செரிங்க. வெக்கறேன்.

பாத்தியா, ஏறினதுலேருந்து மூணாவது போன். இப்ப அப்படித்தான். கடல்லேருந்து வந்ததுக்கப்புறம் கத்தறதே இல்ல. படக வித்துட்டாரு. உன்னால கெடச்ச உசுரு, இனிமே உன்ன விட்டு அசைய மாட்டேன்னுட்டாரு. சமையல் ரூமுக்கு வந்தா பின்னாலயே வருவாரு. ஸ்டூல் போட்டு ஒக்காந்துப்பாரு. நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் கீழ நின்னு பெர்சிஸ், பெர்சிஸ்னு கூப்பிடுவாரு. பிரைவேட் ஆஸ்பத்திரில திருப்பி வேலைக்குக் கூப்பிட்டாங்க. வேணாம், உன்ன நான் வெச்சுக் காப்பாத்தறேன்னு கண்ணுல தண்ணி வுடறாரு. அழற ஆளுகிட்ட இன்னான்னு சண்ட போடறது?

எப்படி விழுந்தாரா? கொச்சியிலேருந்து மாலத்தீவுக்குப் பேப்பரெல்லாம் வாங்கிட்டாரு. பதினாலு மாசம் ஓடியாச்சு அப்ப. கெளம்பறதுக்கு முந்தின நாளு சொன்னேன், நான் இங்கயே எறங்கிக்கறேங்க, ட்ரெயின் புடிச்சு ஊருக்குப் போறேன், நீங்க வேற யாரையாவது தொணைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. கத்தல அன்னிக்கு. மெதுவா சொன்னாரு. நடுக்கடல்ல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ இருந்தா திரும்பிப் பாப்ப, வேற எவன் பாப்பான்னாரு. ஏறிட்டேன்.

மூணாவது நாளு, காலைல பதினோரு மணி இருக்கும். கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒண்ணும் இல்ல. காத்து கம்மி, படகு நடந்து போற மாதிரிதான் போவுது. தானா ஓட்டற மெஷின் போட்டிருந்துது, நான் ஒக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தேன். அவரு பின்னால ஓரத்துக்குப் போய் நின்னாரு. பாய சரி பண்ணப் போனப்ப விழுந்தேன்னுதான் சபைல சொல்லுவாரு. அதில்லம்மா. ஒண்ணுக்குப் போக நின்னாரு. கீழ கக்கூஸ் மறுபடியும் அடைச்சிருந்துது. ஒரு சின்ன அலதான். ஒரு கையால கம்பியப் புடிச்சிருந்தாரு, வழுக்கிடுச்சு. பாத்தேன், ஆளக் காணோம், பின்னால தண்ணியில ஆரஞ்சு கலர்ல மெதக்கறாரு. லைப் ஜாக்கெட் போட்டிருந்தாரு, அதுதான் காப்பாத்துச்சு.

ஆமா, நான்தான் ஏத்தினேன். பாய எறக்கி, எஞ்சினப் போட்டு, சுத்தி வந்து, ஏணியத் தொங்க விட்டு, கயித்தக் கட்டி இழுத்தேன். கையில தோலே இல்ல எனக்கு. ஒரு கயிறு பேரு கூட தெரியாத பொம்பள தனியா படகத் திருப்பினாளேன்னு பாஸ்டர் அழுதாரு. என் வீட்டுக்காரரு சாட்சில அந்த இடம் வந்தா சபையே எழுந்து நிக்கும். பெர்சிஸ், பெர்சிஸ்னு தொண்ட கிழிய கூப்பிட்டேன், படகு போயிட்டே இருந்துது, காத்துல அவளுக்குக் கேக்கலன்னு தெரிஞ்சுது, மனுஷியக் கூப்பிட்டு ஆவறதில்லன்னு வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள ஆண்டவரக் கூப்பிட்டேன், அந்த நிமிஷமே படகு திரும்பிச்சும்பாரு. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு ஒரே சத்தம். நான் மேடையில ஒக்காந்து கீழ பாத்துட்டிருப்பேன்.

இன்னிக்கு என்னயும் ரெண்டு வார்த்த பேசச் சொல்லியிருக்காங்க. அதான் யோசிச்சிட்டே வந்தேன். உன் மூஞ்சி நல்ல மூஞ்சியா இருக்கு. ஸ்டாப்பிங்ல எறங்கினா நீ யாரோ நான் யாரோ.

காத்து அவரு பக்கத்துலேருந்துதாம்மா அடிச்சுது. நல்லா கேட்டுது. ஒவ்வொரு தடவயும் கேட்டுது. ஸ்டியரிங் பக்கத்துல கடியாரம் இருக்கும். பதினொண்ணு பத்து. பூண்டுத் தட்டு மடியில இருந்துது. எழுந்திரிக்கல. ஒரு வார்டுக்கே ஓடினவ நான், பெல் அடிச்சா சாப்பாட்டுத் தட்டுலேருந்து எழுந்து ஓடுவேன். அன்னிக்கு ஒக்காந்தே இருந்தேன். இந்தப் பதினாலு மாசத்துல மொத தடவ, படகு பூரா எனக்கே இருந்துது. கடல அன்னிக்குத்தான் பாத்தேன். இவ்வளோ நல்லா இருக்குதேன்னு நெனச்சேன். பதினொண்ணு பதினாலு ஆச்சு. மூச்சில்லாம நாலு நிமிஷம்னா இன்னான்னு நர்ஸுக்குத் தெரியாதா.

அப்புறம் கூப்பிடறது நின்னுடுச்சு. அப்பதாம்மா எழுந்தேன்.