பன்னிரண்டாவது பேர்

இல்லம்மா, அங்கயே நில்லுங்க. உள்ள வர்றது அப்புறம். வக்கீல் சார் அனுப்புனாருன்னு சொல்றீங்க, சரி. அந்தக் கார்ட ஒருதடவ காட்டுங்க. போட்டோவுல முடி நீளமா இருக்கே? வெட்டிட்டீங்களா. ம்ம். கோச்சுக்காதீங்க, சூடு கண்ட பூனை நான். எங்க குழுவுக்குத் தலைவி ஒரு டீச்சர், அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.

அலோ, டீச்சர்? ஒருத்தங்க வந்திருக்காங்க, பாட்டில் கேக்கறாங்க. ஆங், குட்டையா, கண்ணாடி போட்டவங்க. சரி, வைக்கறேன்.

வாங்க. அந்த யூனிபாரத் துணியெல்லாம் தள்ளிட்டு உக்காருங்க. ஊசி கெடக்கும், பாத்து.

ஆமா, நாப்பத்தி மூணு பாட்டில். மேல மலையில சுரங்கம் தோண்டறவங்க, மண்ணக் கழுவுன தண்ணிய ஆத்துல விட ஆரம்பிச்சதிலேர்ந்து, வாரம் ஒண்ணு. செவ்வாக்கிழமை காலையில, பாலத்துக்குக் கீழ, அதே எடம். மொத பாட்டில்ல தண்ணி இருக்கறதே தெரியாது. இப்ப எடுக்கறது செங்கலக் கரைச்ச மாதிரி. குடுக்கறேம்மா. அதுக்கு முன்னாடி நான் ஏன் இப்படிக் குடையறேன்னு தெரிஞ்சுக்கங்க.

சுரங்கத் தண்ணிய ஆத்துல விடக் கூடாதுன்னு குடுத்த மனுவுல ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. ஆனா ஆத்துல எறங்கித் தண்ணி எடுக்கறது பன்னண்டு பேருதான். அது வெளிய தெரியாது. யாரு எந்த வாரம்னு முறை போட்டு ஒரு தாள் எழுதி, முக்குல இருந்த ஜெராக்ஸ் கடையில ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கிட்டோம். அவ்வளவுதான். ஒரே மாசம். வேன் ஓட்டறவருக்கு பெர்மிட் போச்சு. நர்ஸக்காவ எங்கயோ கண்காணாத ஊருக்கு மாத்திட்டாங்க. பம்ப் ஆபரேட்டர் மேல மோட்டாரத் திருடுனான்னு கேஸு. வரிசையா, ஒருத்தர் விடாம. எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆகல. தையல்காரிகிட்ட என்னத்தப் புடுங்கப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

எல்லாருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் மேலதான் சந்தேகம். வேற யாரு அந்தத் தாளப் பாத்தா? கும்பலாப் போனோம். நாந்தான் முன்னாடி. நீ திங்கறது சோறுதானான்னு தெருவே கேக்கக் கத்துனேன். அந்த மனுசன், அக்கா, நான் எடுக்கற தாளப் படிக்கறதே இல்லக்கான்னாரு. யாரு நம்புனா? அப்புறம் ஒரு ஈ காக்கா அந்தக் கடைப்படி ஏறல. ரெண்டே மாசத்துல மெஷின ஆட்டோவுல ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. அவரு சம்சாரம் ஏறுறப்ப என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

அவர் இல்லம்மா. போன வாரம் பஸ் ஏறிப் போயி அவரத் தேடிப் பாத்தேன். வாங்கன்னு சொல்லல. வாசல்லயே நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கதவு சாத்துற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

எப்படித் தெரியுமா? எனக்கு ஒரே பொண்ணு. அந்தச் சுரங்கக் கம்பெனி ஆபீஸ்லதான் வேலை. பாருங்க, எழுந்திருக்கறீங்க! உக்காருங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, வேணவே வேணாம்னு சண்டை போட்டேன். அவங்கப்பாதான், வீட்டுல ஒருத்தி ஆத்தப் பாக்கட்டும், ஒருத்தி சோத்தப் பாக்கட்டும்னாரு. நல்லாப் பேசுவாரு.

போன மாசம் ஆபீஸ் பீரோவுல இருக்கற பழைய ஃபைலெல்லாம் அவள அடுக்கச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு சாயந்திரம் வந்தவ, பையிலேர்ந்து ஒரு தாள எடுத்து மெஷின் மேல வெச்சா. எங்க முறைத் தாள்தான், ஜெராக்ஸ் இல்ல, கையால பாத்து எழுதுனது. இந்தாங்க, நீங்களே பாருங்க. எண்ணிப் பாருங்க. பதினொண்ணா? எம் பேரு இல்லல்ல?

அந்தக் கிழமைங்கற வார்த்தையப் பாருங்க. ழ-வோட வால் அடுத்த வரி வரைக்கும் எறங்குது. அப்படி எழுதற கை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதுன லெட்டர்லயும் அப்படித்தான்.

இல்ல, அவருகிட்ட இன்னும் கேக்கல. மறுநாளே பாட்டில எல்லாம் டீச்சர் வீட்டுக்கு மாத்துனேன். ஏன்னு கேட்டாங்க, எலித் தொல்லைன்னேன். நீங்க அங்க போயி வாங்கிக்கங்க.

இதையும் கேஸ்ல சேத்துக்கங்க. யாரு எழுதுனதுன்னு ஜட்ஜு கேப்பாருல்ல? எம் வீட்டுக்காரருன்னு போடுங்க. பொண்ணா? அவதான் குடுக்கச் சொன்னா. இன்னைக்கு அவ வேலைக்குப் போகல, உள்ளதான் இருக்கா.

கூட இருக்கவா? வேணாம்மா. அவர் ஆறு மணிக்கு வந்துருவாரு. நானே சொல்லிக்கறேன்.