கைகுலுக்கும் படம்

வெள்ளவத்தையில் ஃபோட்டோகொப்பிக் கடை வரிசை. எனக்கு முன்னால் நின்ற வயதானவர் பத்திரிகைத் துண்டொன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார். நம் நாட்டு அதிகாரியும் பக்கத்து நாட்டு அதிகாரியும் கைகுலுக்கும் படம்.

"தம்பி, இதை லெமினேட் பண்ணித் தாங்கோ. இவை ரெண்டு பேரின்ட முகம் தெரியாட்டியும் பரவாயில்ல."

அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டார். "ஆரண்ணை இவை?"

"ரெண்டு நாடும் சேர்ந்து கரண்ட் ஸ்டேசன் கட்டப் போகினம் எண்டு எங்கட ஊர்க் காணியை எடுத்தவை, தங்கச்சி. அங்க வந்து நிண்டு எடுத்த படம் இது. அளக்க வந்தவைக்கு நானே இளநி வெட்டிக் குடுத்தனான். என்ட பெடியனுக்கு அங்க வேலை கிடைக்கும் எண்டு நினைச்சன்."

"கிடைச்சதோ?"

"ஸ்டேசனே கட்டேல்ல. அவன் இப்ப வெளிநாட்டில, கட்டாரில."

"காணியைத் திருப்பித் தந்திட்டினமோ?"

"இல்ல. எங்கட வீட்டை இடிச்சு, சுத்தி வேலி அடைச்சு விட்டிருக்கினம்."

"பிறகேன் இவையின்ட படத்தை வச்சிருக்கிறியள்?"

அவர் அந்த இருவரின் தோள்களுக்கு நடுவே விரலை வைத்தார்.

"நாங்கள் எப்பவும் ஆக்களைத்தான் படம் எடுத்தனாங்கள், தங்கச்சி. வீட்டை ஒருத்தரும் எடுத்து வைக்கேல்ல. பின்னால ஒரு கூரை தெரியுது பாருங்கோ, அதுதான்."