எனக்குக் கேட்காத கிளாரினெட்

ஓடுகிறோம். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் தம்பி ஏழுமலை. பின்பக்கம் நான். 1965 செப்டம்பர். பஞ்சாப் எல்லை. கரும்புத் தோட்டம் எரிகிறது. பட்டாளத்து பேண்டில் அவன் கிளாரினெட், நான் டிரம். சண்டை வந்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு அடிபட்டவர்களைத் தூக்க வேண்டும். தூரத்தில் ஒரு 'டொம்'. தலைக்கு மேல் சீழ்க்கை.

"ணா, படு!"

படுத்தேன். அவன் படுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனை மறைத்துக் கவிழ்ந்தான். பிறகு நான் மட்டும் எழுந்தேன். அவன் கத்தியதுதான் நான் கேட்ட கடைசிச் சத்தம். இரண்டு காதும் போயின.

எங்கள் ஊர் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊர்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் டெண்டு சினிமாக் கொட்டகை. சாயங்காலம் டிக்கெட் கொடுக்கும் முன்பு ஒலிபெருக்கியில் ஒரு கிளாரினெட் இசைத்தட்டு போடுவார்கள். ஏழுமலை அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்கக் கற்றான். எனக்கு அது கேட்காது. அம்மாவைப் பார்த்தால் தெரியும். முறத்தில் அரிசி புடைக்கும் கை நிற்கும். வாய் திறக்கும். சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். தட்டு முடிந்ததும் மீதி அரிசியைப் புடைப்பாள். தினமும் இதுதான்.

கொட்டகைக்காரனிடம் போனேன். வேறு தட்டு போடு, அம்மா செத்துவிடுவாள் என்றேன். என் முகத்துக்கு நேரே குனிந்தான். நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"உனக்குத்தான் காது கேக்காதே. உனக்கின்னா நோவுது?"

டிக்கெட்டுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லார் பல்லும் தெரிந்தது. மாலை போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

வீட்டை வந்த விலைக்கு விற்றேன். அம்மாவைத் தொண்டூருக்குச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கொட்டகை இல்லை. அந்தத் தெருவில் கரண்டே இல்லை.

முதல் நாள் சாயங்காலம். முறத்தில் அம்மாவின் கை நிற்கிறது. வாய் திறக்கிறது. சித்தியை உலுக்கிக் கேட்கிறேன், எங்கேயாவது பாட்டு கேட்கிறதா என்று. சித்தி இல்லை என்று தலையாட்டுகிறாள். அம்மா செஞ்சிப் பக்கம் திரும்பி உட்கார்கிறாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறாள்.

"சும்மாயிருடா. வாசிக்கிறான்."

போனவை இவை. ஒரு தம்பி. ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒருவன், பேர் தெரியாது. என் இரண்டு காது. ஒரு வீடு. அடுத்த தை பிறக்கும் முன் அம்மா.

அந்தத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் போடுகிறார்கள்.