உடையாத பிடி

ரந்தாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு வயதான பெண்கள்.

"கையில பலமே இல்லன்னு டாக்டரு எழுதிட்டாரு" என்று சொல்லி மூத்தவர் சிரித்தார்.

"இதுக்கு ஏங்க்கா சிரிக்கிறீங்க?"

"கிளினிக்குல பலம் பார்க்க முள்ளு வச்ச ஒரு பிடியக் கொடுத்து அமுக்கச் சொன்னாங்க. கவர்மெண்டு சாமான், உடைஞ்சா யாரு பதில் சொல்றது? மெதுவாத்தான் அமுக்கினேன்."

"ஐயோ!"

"மகன் பயந்துட்டான். தனியா இருக்காதம்மா, செனாவாங்குல என் வீட்டுக்கு வந்துடுன்னான். நேத்து திரும்பப் போனேன். 'உடையாதும்மா, தோட்டத்துல ரப்பர் பால் வாளியத் தூக்குன மாதிரி பிடிங்க'ன்னுச்சு நர்ஸ் புள்ள. முள்ளு சர்ருன்னு ஏறிடுச்சு லா!"

"மகன் நம்புனானா?"

"நம்பல. கையக் குடுடான்னேன். இப்ப தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்."