நாலடி நகர்த்துங்க

தங்கபுஷ்பம்: வெச்சாச்சு சார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. எடுங்க.

மரியதாஸ்: எங்கம்மா இருக்கீங்க?

தங்கபுஷ்பம்: வண்டிக்கு முன்னாலதான்.

மரியதாஸ்: குரல் வருது. பானெட் உயரத்துல ஆள் தெரியலை.

தங்கபுஷ்பம்: குனிஞ்சிருக்கேன். இந்தா... கை தெரியுதா?

மரியதாஸ்: வளையல் தெரியுது. ரெண்டு.

தங்கபுஷ்பம்: அது போதும். நாலே அடி நகர்த்துங்க. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும்.

மரியதாஸ்: உங்க பையன் வந்து எடுக்கட்டுமே. கையெழுத்துப் போட்டாச்சு, இனி வண்டி அவருதுதானே?

தங்கபுஷ்பம்: ஆனந்தகுமார் அடையாறு பாலத்துல நிக்கான். அவன் வர்றதுக்குள்ள ராகு வந்துருவார்.

மரியதாஸ்: சாந்தோம் பக்கம் ராகு வர்றதில்லம்மா. பார்க்கிங் கிடைக்காம திரும்பிப் போயிடுவார்.

தங்கபுஷ்பம்: விளையாடாதீங்க வாத்தியாரே!

மரியதாஸ்: விளையாட்டா? இதே வண்டியில லஸ்ல போயிட்டிருக்கேன். பானெட் மேல ஒரு தொப்பி. யாரோ மறந்து வெச்சிட்டாங்களேன்னு இறங்கி எடுக்கப் போனா... தொப்பிக்கு அடியில ட்ராஃபிக் கான்ஸ்டபிள்.

தங்கபுஷ்பம்: அய்ய...

மரியதாஸ்: கையைக் காட்டிக்கிட்டே தெப்பக்குளத்துலேர்ந்து பின்பக்கமா நடந்து வந்திருக்கார். பாவம், அபராதம்கூடப் போடலை. கால் வலிக்குதுன்னு பின் சீட்டுல ஏறிக்கிட்டார்.

தங்கபுஷ்பம்: சிரிக்க வைக்காதீங்க, பழம் உருளுது!

மரியதாஸ்: பழத்தை நீங்க பிடிச்சிட்டிருக்கீங்களா?

தங்கபுஷ்பம்: சேச்சே... ஒதுங்கிட்டேன். எடுங்க.

மரியதாஸ்: நிஜமா?

தங்கபுஷ்பம்: ஒதுங்கிட்டேன்னு சொல்லுதேன்ல.

மரியதாஸ்: சரி... ஒண்ணு கேக்கறேன். தி.நகர்ல உங்க ஜவுளிக்கடைத் தெருவுல ஸ்கூட்டர் திரும்பவே இடமில்ல. இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?

தங்கபுஷ்பம்: கல்யாணம் காட்சின்னா ஆளுக நிறைய...

மரியதாஸ்: ம்...

தங்கபுஷ்பம்: ...மருமக சின்னக் கார்ல போனா சார். கிண்டியில இது மாதிரி ஒண்ணு வந்து இடிச்சுது. இடிச்ச வண்டியில ஒரு கீறல். எங்க வண்டி அப்பளம். மூணு மாசமா ஷண்முகப்ரியா படுக்கையில கெடக்கா. இனிமே எங்க வீட்டுல யாரும் சின்ன வண்டியில ஏறக்கூடாது.

மரியதாஸ்: நானும் அப்படித்தான் வாங்கினேன்.

தங்கபுஷ்பம்: உங்களையும் இடிச்சாங்களா?

மரியதாஸ்: கதவு மட்டும்தான் போச்சு. பயம் போகலை. இடிக்கிறவனைவிடப் பெருசா இருந்துட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைச்சேன். அவனும் அப்படி நினைச்சுத்தான் வாங்கியிருப்பான்... உள்ள உக்காந்தா நல்லாத்தான்மா இருக்கு. வெளிய நடக்கறவங்க பாடுதான்...

தங்கபுஷ்பம்: பத்து இருபத்தஞ்சு!

மரியதாஸ்: நிறுத்த இடம் பத்தலை, அதான் விக்கறேன்னு சொன்னேன் இல்லையா?

தங்கபுஷ்பம்: ஆமா.

மரியதாஸ்: பொய்.

தங்கபுஷ்பம்: அடப்பாவி மனுஷா! இன்ஜின்ல கோளாறா?

மரியதாஸ்: இன்ஜின் தங்கம். பிரேக் தங்கம்... என் சம்சாரம் நோராவை மாதா கோயில் வாசல்ல இறக்கிவிட்டேன். உள்ள போயிட்டான்னு நினைச்சேன். செருப்பு வாரை மாட்ட முன்னால குனிஞ்சிருக்கா.

தங்கபுஷ்பம்: முன்னாலன்னா...

மரியதாஸ்: நீங்க பழம் வெச்ச இடத்துல. பின்னாடி பூனை வந்தாக்கூடக் கேமரா காட்டும். முன்னாடி ரோடு காலியாத்தான் தெரிஞ்சுது. எடுத்துட்டேன்.

தங்கபுஷ்பம்: அய்யோ... அம்மாவுக்கு என்னாச்சு?

மரியதாஸ்: இடுப்பெலும்பு. இப்ப வீட்டுக்குள்ள வாக்கரைப் பிடிச்சு நடக்கப் பழகறா. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா வண்டியை வெச்சிட்டிருப்பேனோ என்னவோ... அன்னிலேர்ந்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவேன். அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பேன். ஆஃப் பண்ணிட்டு உள்ள போயிடுவேன்... இருக்கீங்களாம்மா?

தங்கபுஷ்பம்: ...இருக்கேன்.

மரியதாஸ்: உங்க நல்ல நேரத்தைக் கெடுக்கலை. நாலே அடி. எடுத்துடறேன். கடைசியா ஒரு தடவை கேக்கறேன்... ஒதுங்கிட்டீங்கதானே?

தங்கபுஷ்பம்: சாவியைக் கழட்டிருங்க சார்... முட்டிவலி, எந்திரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவும். நேரம் போயிருமேன்னு சும்மா சொன்னேன். பழத்தைப் பிடிச்சுக்கிட்டு டயருக்கு முன்னாலதான் உக்காந்திருக்கேன்.